வெறுங்குப்பியின் சாட்சியம்

2023 மே 13 அன்று கொச்சியின் மட்டாஞ்சேரி வார்ஃபில் 134 சாக்குகள் கரையிறங்கின. இந்தியப் பெருங்கடலில் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவும் கடற்படையும் சேர்ந்து நடத்திய வேட்டையில் சிக்கியவை. ‘ஆபரேஷன் சமுத்திரகுப்த்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சாக்குகளில் இருந்தது சுமார் 2,500 கிலோ மெத்தாம்பெட்டமைன் என்றும், அதன் மதிப்பு ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய் என்றும் அறிவிப்பு வந்தது. இந்தியாவில் அதற்குமுன் இவ்வளவு மெத்தாம்பெட்டமைன் ஒரே இடத்தில் பிடிபட்டதில்லை.

கோடிக் கணக்கு எல்லோர் கண்ணிலும் பட்டது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த கேள்வியோ எளியது: சாக்குக்குள் இருப்பது மெத்தாம்பெட்டமைன்தான் என்று நீதிமன்றத்துக்கு எப்படித் தெரியும்? வெள்ளைப் படிகம் உப்பாகவும் இருக்கலாம், படிகாரமாகவும் இருக்கலாம். ‘ஆய்வகம் சொல்லிவிட்டது’ என்பது பாதி விடை. அந்த ஆய்வகத்தின் சொல்லை எதை வைத்து நம்புவது? தடயவியலில் தர மேலாண்மை என்று ஒரு துறையே இருப்பது இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான். பெயரைக் கேட்டால் கொட்டாவி வரும். ஆனால் ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதா வீட்டுக்கு அனுப்புவதா என்பதைப் பல வழக்குகளில் தீர்மானிப்பது இந்தப் பதிவேட்டு வேலைதான்.

மட்டாஞ்சேரி வார்ஃப் என்று பெயர் இருந்தாலும் அது மட்டாஞ்சேரிக்குள் இல்லை. துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பிய வில்லிங்டன் தீவின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. எதிரே நீரைத் தாண்டினால் மிளகும் ஏலமும் மணக்கும் மட்டாஞ்சேரி. அங்கே யூதத் தெருவில் 1957-இல் மிளகுக்கென்றே ஒரு முன்பேரச் சந்தை தொடங்கியது. நூற்றுக்கணக்கான மூட்டைகளில் எதில் கலப்படம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அந்தக் கரையின் பழைய தொழில். நம் ஊர் அரிசி மண்டியில் குத்தூசியை மூட்டையில் செருகி ஒரு பிடி தானியத்தை உருவிப் பார்ப்பதைப் போலத்தான் தடயவியலிலும் வேலை ஆரம்பிக்கிறது. ஒரு பிடியைப் பார்த்து மூட்டை முழுவதையும் பற்றிப் பேச வேண்டும். எத்தனை மூட்டையில் குத்தினால் பேசலாம்?

கணக்கு அழகானது. ஆயிரக்கணக்கான பொட்டலங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் பத்தில் ஒன்பது மட்டுமே போதைப்பொருள், மீதி வெறும் மாவு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது போதைப்பொருளாக இருக்கும் வாய்ப்பு 0.9. இரண்டு எடுத்து இரண்டுமே அப்படி இருக்கும் வாய்ப்பு 0.81. இப்படி 0.9-ஐ 29 முறை பெருக்கினால் விடை 0.05-க்குக் கீழே இறங்கிவிடும். அதாவது 29 பொட்டலங்களை எந்தத் தேர்வுமின்றி எடுத்து, 29-உம் போதைப்பொருளாக இருந்தால், மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவேதான் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். குவியல் எவ்வளவு பெரிதானாலும் ஏறக்குறைய இதே எண்தான். பத்தாயிரம் பொட்டலத்துக்கும் 29, பத்து லட்சத்துக்கும் 29.

இந்தியச் சட்டம் இந்தப் புள்ளியியல் வழியில் போகவில்லை. 2022-இல் வந்த விதிகளின்படி, ஒரே அளவும் அடையாளமும் கொண்ட பொட்டலங்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்துக் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். கஞ்சா என்றால் நாற்பது நாற்பதாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு மாதிரியும் இரண்டு பிரதிகள். ஒன்று ஆய்வகத்துக்கு, மற்றது சந்தேகம் வந்தால் மறுபடி பார்ப்பதற்கு. இவை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும் என்று 2016-இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. யார் எடுத்தார், எப்போது எடுத்தார், எந்த முத்திரை வைத்தார் என்பதெல்லாம் மகஜரில் ஏறும். வேதியியல் தொடங்குவதற்கு முன்பே பாதி அறிவியல் முடிந்துவிடுகிறது.

அடுத்து எடை. டன் கணக்கில் பிடிபட்டால் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு இளைஞனின் சட்டைப்பையில் பிடிபட்டால்? மெத்தாம்பெட்டமைனுக்கு வணிக அளவு என்று சட்டம் வைத்திருக்கும் எல்லை 50 கிராம். அதைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டுச் சிறை. தாண்டாவிட்டால் பத்தாண்டுதான் உச்சம், கீழே எவ்வளவு வேண்டுமானாலும் குறையலாம். தராசு 50.2 கிராம் என்று காட்டுகிறது. அந்தத் தராசு 0.3 கிராம் முன்பின் ஆடக்கூடியது என்றால்? உண்மையான எடை 49.9 ஆகவும் இருக்கலாம். பொருள் ஈரமாக இருந்து பிறகு காய்ந்திருந்தால் கணக்கு இன்னும் மாறும். அதனால்தான் ஒரு நல்ல ஆய்வகம் எடையை மட்டும் எழுதாமல் அந்த எடை எவ்வளவு ஐயத்துக்கு உட்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுகிறது. ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலை இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. தன் அளவீட்டின் பலவீனத்தைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடும் இந்த ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

தராசை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? சான்று பெற்ற எடைக்கற்களோடு. அந்தக் கற்களை? அவற்றைவிட நுட்பமான கற்களோடு. இப்படியே ஏறிக்கொண்டு போனால் புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்போம். அங்கே கண்ணாடிக் குடுவைகளுக்குள் இருக்கிறது 57 என்று எண்ணிட்ட பிளாட்டினம்–இரிடியம் உருளை, இந்தியாவின் கிலோகிராம். 2019 மே 20 முதல் உலகின் கிலோகிராமுக்கு எந்த உலோகத் துண்டும் அடிப்படை இல்லை. பிளாங்க் மாறிலி என்ற இயற்கையின் எண்தான் அடிப்படை. ஆக, கொச்சியில் ஒரு பொட்டலத்தை நிறுக்கும் தராசுக்கும் குவாண்டம் இயற்பியலின் ஆணிவேருக்கும் நடுவே அறுபடாத ஒரு சங்கிலி இருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும், உதாரணமாக அளவுத்திருத்தச் சான்றிதழின் காலம் போன மாதமே முடிந்திருந்தாலும், 50.2 என்ற எண்ணுக்கு அடியில் தரை இல்லை.

இனி வேதியியல். பிடித்த இடத்திலேயே ஒரு துளி வினைபொருள் விட்டுப் பார்ப்பார்கள். ஃபார்மால்டிஹைடும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்த மார்க்விஸ் கலவை, மெத்தாம்பெட்டமைன் பட்டால் ஆரஞ்சும் பழுப்புமாக மாறும். சைமன் சோதனையில் நீலம் வரும். இவை சந்தேகத்தை எழுப்ப மட்டுமே போதுமானவை, தீர்ப்புக்குப் போதாது. தீர்ப்புக்கான கருவி வாயு நிறப்பிரிகையும் நிறைமாலையும் இணைந்த பொறி. மாதிரியைக் கரைத்து, ஆவியாக்கி, தலைமுடியைவிடச் சில மடங்கே பருத்த, சுமார் முப்பது மீட்டர் நீளமுள்ள சுருள் குழாய்க்குள் செலுத்துவார்கள். கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் மறுமுனையில் வெளியே வரும். அங்கே எலக்ட்ரான் கற்றை மோதி மூலக்கூறு சிதறும். துண்டுகளின் நிறைகள் வரைபடமாகும். மெத்தாம்பெட்டமைனின் நிறை 149. சிதறினால் மிக உயரமாக எழும் கம்பம் 58-இல் நிற்கும்.

இங்கேதான் ஒரு பொறி காத்திருக்கிறது. பசியைக் குறைத்து உடல் எடையைக் குறைக்கக் கொடுக்கப்படும் ஃபென்டர்மின் என்ற மருந்துக்கும் நிறை 149. அதற்கும் உயரமான கம்பம் 58-இல்தான். இரண்டும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. வரைபடத்தை அவசரமாகப் பார்ப்பவர் மருந்தைப் போதைப்பொருள் என்று எழுதிவிட முடியும். அதைத் தடுப்பது, தூய்மைச் சான்று பெற்ற மேற்கோள் மெத்தாம்பெட்டமைனை அதே நாளில், அதே கருவியில் ஓட்டி, இரண்டும் ஒரே நொடியில் குழாயை விட்டு வெளியேறுகின்றனவா என்று ஒப்பிடும் நடைமுறை.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் வெறும் கரைப்பானை மட்டும் ஒரு குப்பியில் ஊற்றிக் கருவிக்குள் அனுப்ப வேண்டும். அதில் எதுவும் இல்லை என்று தெரிந்தே அனுப்புகிறோம். கருவியும் ‘எதுவும் இல்லை’ என்றே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாமல் 58-இல் ஒரு சின்ன மேடு தெரிந்தால், முன்னால் ஓடிய மாதிரியின் எச்சம் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து வருபவரின் மாதிரி சுத்தமாக இருந்தாலும் பழி அவர் மேல் விழும். ஆய்வக வரைபடக் கட்டில் மிகவும் சலிப்பூட்டும் தாள், நேர்கோடு மட்டுமே ஓடும் அந்த வெறுங்குப்பியின் தாள்தான். குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டிய முதல் தாளும் அதுதான்.

வெறுங்குப்பியைச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனி காட்டியது. 1993 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டிலும் ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் நடந்த கொலை, திருட்டு எனப் பலவகைக் குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்துக்கொண்டே இருந்தது. 2007-இல் ஹைல்ப்ரோன் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்திலும் அதே டி.என்.ஏ. அவளைப் பிடித்துக் கொடுப்பவருக்கு மூன்று லட்சம் யூரோ பரிசு. 2009-இல் உண்மை வெளிவந்தது: அப்படி ஒரு குற்றவாளியே இல்லை. தடயம் எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளை ஆலையில் கையாண்ட ஒரு பெண் தொழிலாளியின் டி.என்.ஏ. அது. குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள். கிருமியைக் கொல்லும் முறை டி.என்.ஏ.வை அழித்துவிடுவதில்லை. பயன்படுத்தாத ஒரு குச்சியை உறையிலிருந்து எடுத்து அப்படியே சோதித்திருந்தால் பல ஆண்டு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். இதன் விளைவாக 2016-இல் ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தனித் தரநிலையே வந்தது. தடயவியலுக்கு விற்கும் பொருள்களில் மனித டி.என்.ஏ. கலக்காமல் தயாரிப்பது எப்படி என்பதற்கு.

பொருளும் சரி, சோதனையும் சரி, ஆனாலும் வழக்கு சரியும் இன்னொரு வழி உண்டு. கேரளத்துக்கு அது நன்றாகத் தெரியும். 1990 ஏப்ரலில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஓர் ஆஸ்திரேலியர் பிடிபட்டார். அவருடைய உள்ளாடையில் தைத்திருந்த பைகளில் 61.5 கிராம் ஹஷீஷ். கீழ் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீடு கொச்சியில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சான்றாகக் காட்டப்பட்ட உள்ளாடை அவருக்குப் பொருந்தவே இல்லை, சிறியதாக இருந்தது. 1991-இல் அவர் விடுதலையானார். நீதிமன்றத்தின் பொறுப்பில் இருந்த அந்தச் சான்றுப் பொருள் இடையில் சில மாதம் வெளியே போய்த் திரும்பியிருந்தது. வெட்டிச் சுருக்கித் தைத்துத் திருப்பி வைத்தார்கள் என்பது பின்னால் எழுந்த குற்றச்சாட்டு. அது தனி வழக்காகிப் பல சுற்றுகள் சுற்றியது. 2024 நவம்பரில்கூட, அந்த வழக்கு நடக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஹஷீஷ் ஹஷீஷ்தான் என்பதில் வேதியியலாளருக்கு எந்தப் பிழையும் நேரவில்லை. ஒரு துணியின் மேல் முத்திரை உடையாமல் இருந்ததா, யார் கையெழுத்தில் வெளியே போனது என்ற பதிவேட்டுக் கேள்வியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் போயின.

துணியைச் சுருக்கினால் அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மெமரி கார்டைத் தொட்டால்? 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகைக்கு இழைக்கப்பட்ட கொடுமை தொடர்பான வழக்கில் முக்கியச் சான்று ஒரு மெமரி கார்டு. இதுபோன்ற சான்றுக்கு ஆய்வகம் வைக்கும் அரக்கு முத்திரை ஓர் எண். கார்டில் உள்ள எல்லாத் தரவையும் ஒரு கணித அரைவைக்குள் போட்டால் நிலையான நீளமுள்ள ஓர் எழுத்து வரிசை வெளியே வரும். ஹேஷ் மதிப்பு என்பார்கள். எஸ்.எச்.ஏ.–256 என்ற முறையில் அது 64 எழுத்து நீளம். கோடானுகோடி பிட்டுகளில் ஒன்றே ஒன்று பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாறினாலும் அந்த வரிசை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். மதிப்பிலிருந்து தரவைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியாது. அதே மதிப்பு வரும்படி வேறொரு தரவை உருவாக்குவதும் நடைமுறையில் முடியாத காரியம். உடைத்தால் மறுபடி ஒட்ட முடியாத முத்திரை இது.

அந்த வழக்கின் கார்டு நீதிமன்றக் காவலில் இருந்தபோதே அதன் ஹேஷ் மதிப்பு மாறியிருப்பதை மாநிலத் தடயவியல் ஆய்வகம் கண்டது. 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மறுபடி சோதித்தபோது, 2018 ஜனவரி 9, 2018 டிசம்பர் 13, 2021 ஜூலை 19 ஆகிய மூன்று நாள்களில் அது திறக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கார்டை ஒரு போனிலோ கணினியிலோ சும்மா செருகினாலே போதும்; இயங்குதளம் தன் வசதிக்காகச் சில சிறு கோப்புகளை அதில் எழுதிவிடும், முழுக் கார்டின் மதிப்பும் மாறிவிடும். எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் என்ற சின்னக் கருவியை இடையில் வைத்துத்தான் தடயவியலில் கார்டைத் திறப்பார்கள். தன் மேல் நடந்த கொடுமையின் பதிவை யார் எடுத்துப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தப் பெண்ணே நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் அது குறித்து விசாரிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு பாதுகாப்பறைப் பதிவேட்டில் ஒழுங்காக ஒரு வரி எழுதாமல் போவதன் வலி யார் மேல் விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.

இப்போது சட்டமும் இந்த எண்ணை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில், மின்னணுச் சான்றோடு தர வேண்டிய சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் மதிப்பை எழுத ஓர் இடம் இருக்கிறது. நல்ல மாற்றம்.

கருவி, முத்திரை, பதிவேடு எல்லாம் இருந்தும் மனிதர் பொய் சொன்னால்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹின்டன் ஆய்வகத்தில் ஆனி டூக்கன் என்ற வேதியியலாளர் 2003 முதல் 2012 வரை வேலை பார்த்தார். சக ஊழியர்களைவிடப் பல மடங்கு வேகம். அந்த வேகத்துக்குக் காரணம் பின்னால் தெரிந்தது: பல மாதிரிகளைச் சோதிக்காமலேயே கண்ணால் பார்த்து ‘போதைப்பொருள்’ என்று எழுதியிருக்கிறார். சிலவற்றில் விடை வருவதற்காக வேறு மாதிரியைக் கலந்திருக்கிறார். 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை போனார். 2017-இல் 21,000-க்கும் மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகளை அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. அவருடைய வேகமே அபாயச் சங்கு. எண்ணிக்கையை ஆண்டுதோறும் பார்த்த மேலதிகாரிகள் அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். தேங்கிக் கிடக்கும் வழக்குகளின் அழுத்தத்தில் உள்ள எந்த ஆய்வகத்துக்கும் வேகமானவர் மேல் மரியாதை வரும். அங்கேதான் தர மேலாளர் என்று ஒருவர், சோதனைப் பிரிவின் அதிகாரத்துக்கு வெளியே நின்று, ‘இவ்வளவு வேகம் எப்படி?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் தடயவியல் ஆய்வகத் தொழில் நம் சென்னையில்தான் தொடங்கியது. 1849-இல் சென்னை மாகாணத்தில் அமைந்த வேதியியல் ஆய்வாளர் ஆய்வகம் இந்தியாவின் முதலாவது. நஞ்சு வைத்துக் கொன்ற வழக்குகளுக்கு அன்று அதுவே கதி. இன்று மத்திய, மாநில, மண்டல ஆய்வகங்கள் நாடெங்கும் இருக்கின்றன. ஐ.எஸ்.ஓ. 17025-இன்படி அவற்றைச் சோதித்து அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பும் இருக்கிறது. ஆனால் அங்கீகாரம் இல்லாத ஆய்வகத்தின் அறிக்கையும் நீதிமன்றத்தில் செல்லும். அரசின் வேதியியல் ஆய்வாளர் போன்றோரின் அறிக்கையை, அவரை நேரில் அழைக்காமலேயே சான்றாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. அழைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்க விவரம் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய எல்லாக் குற்றங்களிலும் தடயவியல் வல்லுநர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதற்குத் தயாராக ஐந்தாண்டு அவகாசம். குவியப்போகும் உறைகளின் எண்ணிக்கையை நினைத்தால், அங்கீகாரத்தைக் கட்டாயமாக்காமல் வேலையை மட்டும் பெருக்குவது ஆபத்தானது என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஏற்பாடும் எனக்கு வேண்டும். ஹூஸ்டன் நகரத்தின் தடயவியல் மையம், ஒரு காலத்தில் ஊழலும் பிழையும் மலிந்து அவப்பெயர் எடுத்த காவல்துறை ஆய்வகத்தின் இடத்தில் உருவானது. 2015 முதல் அங்கே ஒரு வழக்கம்: தரப் பிரிவினர் விடை தெரிந்த போலி வழக்குகளைத் தயாரித்து, நிஜ வழக்குகளைப் போலவே உறையிட்டு, எண்ணிட்டு, குவியலுக்குள் நுழைத்துவிடுவார்கள். கையில் இருப்பது நிஜமா சோதனையா என்று ஆய்வாளருக்குத் தெரியாது. ‘தேர்வு நாள்’ என்று அறிவித்து நடத்தும் திறன் சோதனையில் எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு எப்படி இருப்பார்கள் என்பதை இந்த முறைதான் காட்டும். திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ இதைத் தொடங்கப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கொஞ்சம் ஃபென்டர்மின், கொஞ்சம் படிகாரம், கொஞ்சம் நிஜ மெத்தாம்பெட்டமைன், காவல் நிலையத்திலிருந்து வந்ததைப் போன்ற உறைகள், இரகசியம் காக்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் அடுத்த மாதமே தொடங்கலாம்.